பழைய கார்ட்டூன் படங்களின் கதைப்புத்தகங்களைக் குடும்பமாக மறுபடி படிக்க ஒரு வழிகாட்டி

ஸ்னோ ஒயிட், டம்போ, பாம்பி, சிண்டரெல்லா, ஜங்கிள் புக் என்று டிஸ்னி எடுத்த பழைய கார்ட்டூன் படங்களுக்கெல்லாம் கதைப்புத்தகம் உண்டு, அதுவும் ஒரே படத்துக்குப் பல. கெட்டி அட்டை, 24 பக்கம், பக்கத்துக்கு நாலைந்து வரி, மீதி முழுக்கச் சித்திரம். படத்தை விற்பதற்காகப் போட்ட சரக்கு என்று நினைத்து நிறையப் பேர் இவற்றைக் கண்டுகொள்வதில்லை, அல்லது கிழித்தால் கிழிக்கட்டும் என்று குழந்தை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. படத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தால் வரும் பேச்சு, வேறு வழியில் அவ்வளவு எளிதாக வராது. காரணம் ரொம்பச் சாதாரணம். படம் ஓடிக்கொண்டே இருக்கும், புத்தகம் நிற்கும். குழந்தை பயந்த இடத்தில் நிற்கும், கேள்வி கேட்ட இடத்தில் நிற்கும், பாட்டி கண்ணாடி எடுத்துவரப் போனால் அவர் வரும்வரை நிற்கும்.

இதைத் தொடங்கப் பெரிய செலவோ ஏற்பாடோ வேண்டாம். ஒரு படம், அதற்கு ஒரு புத்தகம், இரண்டு மாலை நேரம் போதும்.

முதலில் இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், வாங்கும்போது உதவும். அமெரிக்காவில் 1942-ல் லிட்டில் கோல்டன் புக்ஸ் என்ற வரிசை தொடங்கியது. முதல் தவணையில் 12 புத்தகங்கள், ஒன்று 25 சென்ட். புத்தகக் கடைக்கே போகாத குடும்பங்களும் வாங்கட்டும் என்று விலையைக் குறைத்து, மளிகை சாமான் வாங்கும் இடத்திலேயே கிடைக்கும்படி செய்தார்கள். இவற்றை அச்சிட்ட வெஸ்டர்ன் நிறுவனத்திடம் டிஸ்னி பாத்திரங்களைப் புத்தகமாகப் போடும் உரிமை 1933-லிருந்தே இருந்தது. அதனால் டிஸ்னி படங்கள் இந்த வரிசைக்குள் வந்து சேர்வது இயல்பாக நடந்தது. இன்றும் அந்த வரிசை வருகிறது, முதுகில் தங்க நிறப் பட்டையோடு.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், சித்திரம் போட்டவர்கள் யார் என்பது. குஸ்டாஃப் டெங்க்ரென் என்ற ஓவியர் ஸ்னோ ஒயிட், பினோக்கியோ இரண்டு படங்களின் தோற்றத்துக்கும் வரைந்து கொடுத்தவர். அவர் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபின் வரைந்ததுதான் அந்த முதல் 12 புத்தகங்களில் ஒன்றான நாய்க்குட்டிக் கதை. ரெட்டா ஸ்காட், பாம்பி படத்தில் வேட்டை நாய்கள் துரத்தும் காட்சிக்கு உயிர் கொடுத்தவர், டிஸ்னி படத்தில் அனிமேட்டர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண். அவர் 1950-ல் சிண்டரெல்லா கதைப்புத்தகத்துக்கு வரைந்தார். பீட்டர் பான் புத்தகம் ஒன்றுக்கு வரைந்தவர் அய்வின்ட் எர்ல், பின்னால் ஸ்லீப்பிங் பியூட்டி படத்தின் பின்னணிக் காட்சிகளுக்காகப் பேர் வாங்கியவர். ஆக இவை ஏனோதானோ என்று செய்த வேலை இல்லை.

எந்தப் படத்தில் தொடங்குவது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை டம்போ, 1941-ல் வந்த படம். 64 நிமிடம்தான், நாலு வயதுக் குழந்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: படம் முழுக்க டம்போ ஒரு வார்த்தை பேசாது. காது, கண், தும்பிக்கை, இவைதான் அதன் பேச்சு. கதைப்புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது, 'டம்போவுக்கு அழுகை வந்தது' என்று யாராவது எழுதியே ஆக வேண்டும். இந்த இடைவெளியில்தான் உங்கள் குழந்தைக்கு வேலை இருக்கிறது. அம்மா யானையைக் கூண்டில் அடைத்த பக்கம் வரும்போது, 'இப்ப டம்போ வாயைத் திறந்து பேசினா என்ன சொல்லும்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரம் ஆகும். வரும்.

இரண்டாவதாக ஜங்கிள் புக் எடுக்கலாம். 1967-ல் வந்தது, பயப்பட வைக்கும் இடங்கள் குறைவு, பாட்டு நிறைய. அதோடு கதை நடப்பது நம் நாட்டுக் காட்டில், கிப்ளிங் எழுதியது மத்தியப் பிரதேசத்தின் சியோனி மலைப்பகுதியை வைத்து. கரடி, கருஞ்சிறுத்தை, புலி, மலைப்பாம்பு எல்லாம் நம் ஊர் விலங்குக் காட்சிசாலையிலேயே குழந்தை பார்த்திருக்கலாம். படத்தில் வரும் குரங்கு ராஜா மட்டும் ஒராங்குட்டான், அது இந்தியாவில் கிடையாது, சுமத்ரா, போர்னியோ பக்கம்தான் வாழ்கிறது. அந்தப் பாத்திரமே கிப்ளிங் கதையில் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே அட்லஸைத் தேடுவார்கள்.

பினோக்கியோவை ஐந்து வயதுக்குள் வேண்டாம் என்பேன். பையன்கள் கழுதையாக மாறும் காட்சி பெரியவர்களையே உலுக்கும். ஸ்னோ ஒயிட்டில் ராணி கிழவியாக மாறும் இடமும் அப்படித்தான். பாம்பியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

புத்தகம் வாங்கும்போது

ஒரே தலைப்பில் பல புத்தகம் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அட்டையில் சிண்டரெல்லா என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. உள்ளே திறந்து இரண்டு பக்கம் அப்படியே கடையில் நின்றபடி வாய்க்குள் படித்துப் பாருங்கள். வாக்கியம் நாக்கில் ஓட வேண்டும். சில பதிப்புகளில் படத்தின் கதையை அவசரமாகச் சுருக்கி, 'பிறகு இது நடந்தது, பிறகு அது நடந்தது' என்று அடுக்கியிருப்பார்கள். அதைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது உங்களுக்கே சலிப்பு வரும். அப்புறம் சித்திரம். படத்திலிருந்து காட்சிகளை அப்படியே எடுத்து ஒட்டிய புத்தகத்தைவிட, புத்தகத்துக்கென்று தனியாக வரைந்த புத்தகத்தை எடுங்கள். படத்தைப் பார்த்த பிள்ளைக்கு அதே காட்சியை மறுபடி காட்டுவதில் பேச எதுவும் இல்லை, வேறு மாதிரி வரைந்திருந்தால்தான் பேச்சு கிளம்பும்.

பழைய பிரதி தேடுபவர்களுக்கு: உள்ளே அச்சிட்டிருக்கும் காப்புரிமை ஆண்டு, அந்தப் பிரதி அச்சான ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1950 என்று போட்டிருக்கும் புத்தகம் அதற்கு இருபது வருஷம் கழித்து அச்சானதாக இருக்கலாம். லிட்டில் கோல்டன் புக்ஸில் 1947-லிருந்து 1970 வரை அச்சானவற்றில் பொதுவாகக் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்புறம், வலது மூலையில், முதுகை ஒட்டி ஒரு குட்டி ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் முதல் அச்சு, 'பி' என்றால் இரண்டாவது. விற்பவர் முதல் பதிப்பு என்று சொல்லி விலை ஏற்றினால் அங்கே பாருங்கள். ஆனால் வீட்டில் குழந்தையோடு படிக்க முதல் பதிப்பு எதற்கு? பக்கம் எல்லாம் இருக்கிறதா, பூஞ்சை வாடை இல்லாமல் இருக்கிறதா, இரண்டும் போதும். வேறு வீட்டுக் குழந்தை முதல் பக்கத்தில் பெயர் எழுதிவைத்த பிரதி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், எனக்கு அவைதான் பிடிக்கும்.

புதுப் புத்தகமே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி, மேரி பிளேரின் ஓவியங்களோடு வந்த புத்தகங்கள். சிண்டரெல்லா, ஆலிஸ், பீட்டர் பான் படங்களுக்கு நிறமும் தோற்றமும் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டியவர் அவர். அந்த ஓவியங்களை வைத்து 2007-ல் சிண்டரெல்லாவும் 2008-ல் ஆலிஸும் புதிதாக எழுதிய கதையோடு புத்தகமாக வந்தன. படத்தில் வருவதைவிட நிறங்கள் துணிச்சலாக இருக்கும், சிறு குழந்தையே வித்தியாசத்தைச் சட்டென்று சொல்லிவிடும்.

புத்தகம் முதலிலா, படம் முதலிலா

இதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். என் பதில்: ஆறு வயதுக்குள் என்றால் புத்தகம் முதலில், அதற்கு மேல் என்றால் படம் முதலில். சின்னக் குழந்தைக்குக் கதை எங்கே போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் இருட்டான காட்சியில் நடுங்காது, 'அடுத்து எலி வந்து காப்பாத்தும்' என்று உங்களுக்கே தைரியம் சொல்லும். பெரிய குழந்தைகளுக்குப் படத்தை முதலில் காட்டினால், புத்தகத்தில் எது விடுபட்டது என்று துப்பறியும் வேலை கிடைக்கும். அது அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் சின்னது, பெரியது இரண்டும் இருந்தால்? புத்தகம் முதலில்தான். பெரியவனைப் படிக்கச் சொல்லிச் சின்னவளை அவன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எப்படிப் படிப்பது

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் தடவை எழுத்தைத் தொடவே வேண்டாம். சித்திரத்தைக் காட்டித் தமிழில் உங்கள் போக்கில் கதை சொல்லுங்கள், வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. பாலு கரடி பெரியப்பா மாதிரி பேசட்டும், பகீரா கண்டிப்பான சித்தப்பா மாதிரி பேசட்டும். இரண்டாவது தடவை ஆங்கில வரிகளை ஒன்று விடாமல் அப்படியே படியுங்கள், நடுவில் அர்த்தம் சொல்லிக்கொண்டே போகாதீர்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் குழந்தை ஆங்கிலத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பு சொன்னால் கதை நின்றுபோய் டியூஷன் ஆகிவிடும்.

மெதுவாகப் படியுங்கள். எல்லோரும் செய்யாமல் விடுவது இதைத்தான். 24 பக்கத்தை நாலு நிமிடத்தில் முடித்துவிட முடியும், ஆனால் அது படித்தது ஆகாது. பக்கத்தைத் திருப்பும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் பார்த்து முடித்தபின்தான் திருப்புவார்கள், வேகம் தானாகக் குறையும். 1960-களில் டிஸ்னி நிறுவனம் புத்தகத்தோடு சின்ன இசைத்தட்டும் சேர்த்து விற்றது. அதில் ஒருவர் கதையைப் படிப்பார், பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் பீட்டர் பான் கதையில் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல்லின் மணி ஒலிக்கும். எழுத்து தெரியாத குழந்தைகூடத் தனியாக உட்கார்ந்து புத்தகத்தோடு கூடவே போகும். இதை வீட்டிலேயே செய்யலாம். வெளியூரில் இருக்கும் தாத்தாவையோ அத்தையையோ கதையைச் சொல்லி ஃபோனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கம் மாறும் இடத்தில் ஒரு மணியையோ டம்ளரையோ தட்டச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது அவர்களிடமும் பக்கங்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணி தப்பான இடத்தில் அடிக்கும். பக்கங்களைப் ஃபோட்டோ எடுத்து வீட்டு ஆட்களுக்குள் அனுப்பிக்கொண்டால் போதும்.

சித்திரமும் படமும் ஏன் ஒத்துப்போவதில்லை

புத்தகத்தில் உடையின் நிறம் வேறு, முகம் வேறு, சில சமயம் படத்தில் இல்லவே இல்லாத ஒரு காட்சி. குழந்தை 'தப்பா வரைஞ்சிருக்காங்க' என்று சொல்லும். அப்போது இதைச் சொல்லுங்கள்: பல புத்தகங்கள் படம் திரைக்கு வருவதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. பீட்டர் பான் படம் வெளியானது 1953 பிப்ரவரியில், அதன் குட்டிப் புத்தகங்களில் இருக்கும் ஆண்டு 1952. படம் வேலையில் இருக்கும்போதே வரைந்தால், ஸ்டூடியோவில் அப்போது கைக்குக் கிடைத்த மாதிரி ஓவியங்களை வைத்துத்தான் வரைய முடியும். ஒரு படம் முடிவாவதற்கு முன் எத்தனை மாதிரியாக இருந்திருக்கும் என்பதற்கு இந்தப் புத்தகங்களே சாட்சி. வரைவதில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் இங்கே ஒரு முழு மாலை ஓடும். படத்தை ஒரு காட்சியில் நிறுத்தி, புத்தகத்தில் அதே காட்சியைத் திறந்து பக்கத்தில் வையுங்கள், ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து மூன்றாவதாக அவர்கள் எப்படி வரைவார்கள் என்று விட்டுவிடுங்கள்.

101 டால்மேஷன்ஸுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். 1961-ல் வந்த அந்தப் படத்தில் ஓவியர்கள் பென்சிலில் போட்ட கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேராகப் படம் எடுக்கப் பயன்படும் ஒளி ஊடுருவும் தகட்டுக்கு மாற்றினார்கள், அதற்கு முன் ஆட்கள் உட்கார்ந்து கையால் மையில் பிரதி எடுப்பார்கள். அத்தனை நாய்க்கும் அத்தனை புள்ளியை அப்படிக் கையால் போட்டிருந்தால் படம் முடிந்திருக்காது. திரையில் கோடுகள் கொஞ்சம் சொரசொரவென்று தெரியும், பாருங்கள்.

துக்கமான இடங்கள்

பாம்பியின் அம்மா சாகும் இடம். படத்தில் வேட்டைக்காரனைக் காட்டுவதே இல்லை, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு பனி விழும், குட்டி தேடும். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் இந்த இடத்தை எப்படிக் கடந்திருக்கிறார்கள் என்று குழந்தைக்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒரு வரியில் தாண்டியிருக்கலாம், விட்டே இருக்கலாம். விட்டிருந்தால் நீங்களும் விடலாம், அதில் தப்பில்லை, ஆனால் குழந்தை 'அம்மா எங்க?' என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். 'வேட்டைக்காரங்க சுட்டுட்டாங்க, செத்துப்போச்சு, இனிமே அப்பா மான் பார்த்துக்கும்' என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு கேள்வி வரும், நம் வீட்டுச் சாவு பற்றியும் வரும். அதற்குத்தான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். படம் என்றால் அடுத்த நிமிடமே வசந்தம் வந்து பறவைகள் பாடத் தொடங்கிவிடும், கேள்வி அப்படியே உள்ளே போய்விடும்.

அந்தக் காலத்துப் பார்வை

இந்தப் படங்கள் 1930-களிலிருந்து 60-கள் வரையிலான அமெரிக்காவில் செய்தவை, அந்தக் காலத்து இனப் பார்வை உள்ளேயே இருக்கிறது. பீட்டர் பானில் அமெரிக்கப் பழங்குடியினரைக் காட்டும் விதம், டம்போவில் காக்கைகள், லேடி அண்ட் தி டிராம்ப்பில் சயாமியப் பூனைகள், மூன்றும் அப்படிப்பட்டவை. டிஸ்னியே 2020-லிருந்து தன் ஸ்ட்ரீமிங் சேவையில் இந்தப் படங்களுக்கு முன்னால் ஓர் அறிவிப்பு போட்டது. 1946-ல் வந்த சாங் ஆஃப் தி சவுத் படத்தை அமெரிக்காவில் வீடியோவாகக்கூட வெளியிட்டதில்லை, ஆனால் அதையொட்டி வந்த முயல் கதைப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் நீங்கள் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'இவங்களை ஏன் இப்படி வரைஞ்சாங்க, நம்மளை யாராவது இப்படி வரைஞ்சா எப்படி இருக்கும்' என்று கேட்டால் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

மூலக் கதைக்குப் போகலாமா

போகலாம், பார்த்துப் போகலாம். கிப்ளிங்கின் கதைகளை ஒன்பது பத்து வயதில் படிக்கலாம். படத்தில் மவுக்லியை விழுங்கப் பார்க்கும் கா என்ற மலைப்பாம்பு, கிப்ளிங் கதையில் அவனைக் குரங்குகளிடமிருந்து மீட்க வருகிறது. இது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு வரும் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே. டோடி ஸ்மித் 1956-ல் எழுதிய டால்மேஷன் கதையும் சரியான தேர்வு, அதில் அப்பா நாய் போங்கோவின் மனைவி பெயர் மிஸ்ஸிஸ், பெர்டிடா என்பது குட்டிகளுக்குப் பால் கொடுக்க வரும் இன்னொரு நாய். படத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

கொல்லோடியின் பினோக்கியோவைக் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள், அதில் புத்தி சொல்ல வரும் சில்வண்டைப் பொம்மைப் பையன் ஆரம்பத்திலேயே சுத்தியலை வீசிக் கொன்றுவிடுவான். ஆண்டர்சனின் கடல்கன்னிக் கதை முடிவு படத்தின் முடிவுக்கு நேர் எதிர். ஃபெலிக்ஸ் சால்டன் 1923-ல் எழுதிய பாம்பி பெரியவர்களுக்கான நாவல், தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட் படத்தின் மூல நாவலும் அப்படியே. இந்த இரண்டையும் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், நீங்கள் படியுங்கள்.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது

கோல்டன் புக்ஸை முதுகுப் பட்டைக்கு அடியில் பக்கவாட்டில் பின் அடித்துத்தான் கட்டியிருப்பார்கள். அதனால் முழுசாக விரித்துத் தரையில் அழுத்தினால் பட்டை பிய்ந்துவிடும், மடியில் பாதி திறந்தபடி வைத்துப் படியுங்கள். கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பழுப்பாகிப் பசை பரவும். மெல்லிய தாளை மைதாப் பசை தடவி ஒட்டி நன்றாகக் காய வைத்தால் போதும். பழைய பிரதியில் பூச்சி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் காற்றுப் போகாத கவரில் போட்டு மூடி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள், எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோக்கும். பழைய வாடைக்கு ஒரு மூடிய டப்பாவில் கிண்ணம் நிறையச் சமையல் சோடாவோடு சில நாள் வைக்கலாம், சோடா தாளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள்.

அலமாரியில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அடுக்காதீர்கள். கைக்கு எட்டினால்தான் நடுமதியம் தானாக எடுத்து, உங்களிடம் கேட்காமலே, பொம்மைக்குப் படித்துக் காட்டும். அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் மறுபடி மறுபடி படியுங்கள், அடுத்த படத்துக்குப் போகலாமா என்று அவசரப்படுத்த வேண்டாம். டம்போவே ஒரு மாதம் ஓடினாலும் ஓடட்டும், ஜங்கிள் புக் காத்திருக்கும்.